ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்: பெருந்தமனி வீக்கமும் கணினியின் கணிப்பும்

வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனி ஓரிடத்தில் புடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளி ஓர் ஆண். புடைப்பின் விட்டம் 5.4 சென்டிமீட்டர் என்றால், “சில மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்” என்பார் மருத்துவர். 5.5 என்றால் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்கிவிடும். நடுவே இருப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். அதே நோயாளிக்கு அதே நாளில் இரண்டு பேர் அல்ட்ராசவுண்ட் எடுத்தால், அளவு அதைவிட அதிகமாகவே மாறக்கூடும்.

இந்த ஓர் எண்ணை நம்புவதற்குப் பதில், ஒவ்வொரு நோயாளியின் ரத்தநாளத்தையும் கணினியில் அப்படியே உருவாக்கி, அது எங்கே பலவீனமாக இருக்கிறது, வெடிக்கும் அபாயம் எவ்வளவு என்று கணக்கிட முடியாதா? பொறியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கான மாதிரிகளை உருவாக்கி வருகிறார்கள். ஆனாலும் மருத்துவமனைகளில் முடிவைத் தீர்மானிப்பது இன்றும் பெரும்பாலும் அந்த 5.5தான்.

உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் எனக்கு, இந்தத் தாமதம் ஆராய வேண்டிய ஒன்றாகப் படுகிறது. செயற்கை நுண்ணறிவும் கணினி மாதிரிகளும் மருத்துவத்தை மாற்றிவிடும் என்று நாள்தோறும் செய்தி படிக்கிறோம். ஒரு கணினிக் கணிப்பை நம்பி ஒருவரின் வயிற்றைக் கிழிக்கலாமா, கிழிக்காமல் விடலாமா என்று முடிவெடுக்க எப்படிப்பட்ட ஆதாரம் வேண்டும்? அந்தக் கேள்விக்குப் பெருந்தமனி வீக்கம் நல்ல எடுத்துக்காட்டு.

சத்தம் போடாத நோய்

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, மார்பையும் வயிற்றையும் கடந்து, இரண்டு கால்களுக்கும் கிளை பிரிகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால், மருத்துவர்கள் ‘அனியூரிசம்’ என்கிறார்கள். தமிழில் பெருந்தமனி வீக்கம் எனலாம். வயதான ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. புகைப்பழக்கம்தான் முதன்மைக் காரணி. உயர் ரத்த அழுத்தமும் குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்திருப்பதும் அபாயத்தைக் கூட்டும்.

வீக்கம் பெரும்பாலும் வலிப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் பலருக்குத் தெரிய வருகிறது. வெடித்துவிட்டால் நிலைமை வேறு. மருத்துவமனைக்கு வருமுன்பே இறந்துவிடுவோரையும் சேர்த்தால், ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பிழைப்பதில்லை.

இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் இறந்ததும் இதனால்தான். 1948 டிசம்பரில் நியூயார்க்கில் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர், அவருடைய வீங்கிய தமனியைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிக் கட்டினார். அன்றைக்கு இருந்த சிகிச்சை அவ்வளவுதான். ஆறு ஆண்டுகளுக்கு மேல் அது தாங்கியது. 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தபோது, மீண்டும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18ஆம் தேதி, 76 வயதில் காலமானார்.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. வயிற்றைத் திறந்து, வீங்கிய பகுதிக்குப் பதில் செயற்கைக் குழாய் தைப்பது ஒன்று. தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக ஸ்டென்ட் பொருத்திய குழாயைச் செலுத்தி உள்ளேயே விரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாம் முறையை 1990ல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் ஹுவான் பரோடி தொடங்கிவைத்தார்.

5.5 எங்கிருந்து வந்தது?

சிகிச்சை இருக்கிறதே, வீக்கம் தெரிந்த உடனேயே செய்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சிகிச்சையிலும் உயிரிழப்பு உண்டு. பிரிட்டனில் நடந்த ஈவார்-1 ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாள்களுக்குள் இறந்தோர் விகிதம் திறந்த அறுவையில் 4.7 விழுக்காடு, ஸ்டென்ட் முறையில் 1.7 விழுக்காடு. வெடிக்கவே போகாத வீக்கத்துக்கு அறுவை செய்தால், நோயாளிக்கு ஆபத்து மட்டுமே மிச்சம்.

எந்த அளவில் செய்வது என்பதைக் கண்டறிய, பிரிட்டனில் ‘சிறு வீக்கங்கள்’ பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. வீக்கம் 4.0 முதல் 5.5 செ.மீ. வரை இருந்த 1,090 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனடி அறுவை. மற்றொரு பிரிவைத் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தார்கள். வீக்கம் 5.5ஐத் தாண்டினால் அறுவை. 1998ல் முடிவு வெளிவந்தது: உடனே அறுவை செய்துகொண்டவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வும் 2002ல் இதையே உறுதிசெய்தது.

ஆகவே 5.5 என்பது யாரோ மனம்போன போக்கில் வைத்த எண் இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் பங்கேற்றுக் கொடுத்த ஆதாரம் அதற்குப் பின்னால் நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் குறையைப் பேச வேண்டும்.

அளவுகோல் சறுக்கும் இடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அறுவை சிகிச்சை பெறாமலேயே இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைத் தொகுத்து 1977ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 473 வீக்கங்கள் ஆராயப்பட்டன. 5 செ.மீ. அல்லது அதற்கும் சிறியவற்றில் சுமார் 13 விழுக்காடு வெடித்திருந்தன. அதைவிடப் பெரியவற்றில் சுமார் 60 விழுக்காடு வெடிக்கவே இல்லை. அந்த நோயாளிகள் வேறு காரணங்களால் இறந்திருந்தார்கள்.

அதாவது, விட்டம் ஒரு கூட்டத்தைப் பற்றி ஓரளவு சரியாகப் பேசுகிறது. எதிரில் உட்கார்ந்திருக்கும் தனி மனிதரைப் பற்றிக் கேட்டால் தடுமாறுகிறது.

பெண்களின் நிலை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பெண்களுக்கு இந்த நோய் குறைவு. ஆனால் வந்தால், அதே அளவுள்ள வீக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு எளிதில் வெடிக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் பெண்களுக்கு 5.0 செ.மீ. அளவிலேயே சிகிச்சையைப் பரிசீலிக்கச் சொல்கின்றன.

பலூனும் ஒரு சூத்திரமும்

வெடிப்பு என்பது அடிப்படையில் ஓர் இயற்பியல் நிகழ்வு. தமனிச் சுவரின் ஒவ்வொரு சிறு பரப்பும் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பதைப் பொறியியலில் தகைவு என்கிறோம். அந்தத் தகைவு சுவரின் வலிமையை எந்த இடத்தில் மிஞ்சுகிறதோ அந்த இடத்தில் சுவர் கிழியும்.

உருளை வடிவக் குழாய்க்கு லாப்லாஸ் விதி எளிய சூத்திரம் தருகிறது. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்தால் தகைவு கிடைக்கும். இயல்பான தமனியின் ஆரம் 1 செ.மீ. வீக்கத்தின் ஆரம் 2.75 செ.மீ. என்றால், ரத்த அழுத்தம் மாறாவிட்டாலும் தகைவு 2.75 மடங்காகிறது. சுவரின் தடிமன் 2 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடும். மொத்தத்தில் ஏறக்குறைய 3.7 மடங்கு. பெரிய வீக்கம் ஆபத்தானது என்று மருத்துவர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான்.

ஆனால் உண்மையான வீக்கம் சீரான உருளை இல்லை. பின்னால் முதுகெலும்பு தடுப்பதால் பெரும்பாலும் முன்பக்கமாகக் கோணலாகப் புடைக்கும். சில இடங்களில் சட்டென்று வளையும். உட்புறம் ரத்தக்கட்டி படிந்திருக்கும். சுவரின் வலிமையும் இடத்துக்கு இடம் மாறும். ஒரே விட்டமுள்ள இரண்டு வீக்கங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதில் வியப்பில்லை.

கணினி என்ன செய்கிறது?

முதலில் நோயாளியின் சிடி ஸ்கேன் படங்களை அடுக்கடுக்காகச் சேர்த்து, தமனியின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் எழுப்புகிறார்கள். அந்த வடிவத்தை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். பாலங்களையும் விமானங்களையும் வடிவமைக்கப் பயன்படும் ‘ஃபைனைட் எலிமெண்ட்’ முறை இது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு இழுபடும் தன்மை கொண்டது என்ற விவரத்தைக் கொடுத்து, உள்ளே ரத்த அழுத்தத்தைச் செலுத்தினால், எந்த இடத்தில் தகைவு அதிகம் என்று கணினி கணக்கிட்டு வண்ணப் படமாகத் தருகிறது. சிவப்பு என்றால் ஆபத்து.

தமனிச் சுவர் எவ்வளவு இழுபடும் என்பதை அறிய, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ராகவன், டேவிட் வோர்ப் ஆகிய ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சையின்போது வெட்டியெடுத்த சுவர்த் துண்டுகளை இழுத்துச் சோதித்தார்கள். அதிலிருந்து அவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கணித மாதிரி பல ஆய்வுகளுக்கு அடித்தளமானது. டார்ட்மத்தைச் சேர்ந்த மார்க் ஃபில்லிங்கரின் குழு 2003ல், கண்காணிப்பில் இருந்த நோயாளிகளில் பின்னர் யாருக்கு வெடிக்கும் என்பதைப் பிரித்துக் காட்டுவதில் விட்டத்தைவிடச் சுவர்த் தகைவு மேலானது என்று அறிவித்தது. அடுத்து வந்தவர்கள், தகைவைச் சுவரின் மதிப்பிட்ட வலிமையால் வகுத்து ‘வெடிப்புக் குறியீடு’ ஒன்றை உருவாக்கினார்கள்.

வண்ணப் படத்துக்குப் பின்னால்

இதைப் படித்தால், பழைய அளவுகோலை இன்றே தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கு அந்த எண்ணத்தில் ஐயம் எழுந்தது பல்கலைக்கழகப் பயிற்சி வகுப்பு ஒன்றில். வீங்கிய குழாய் ஒன்றின் மாதிரியைக் கொடுத்து, சுவரின் தடிமனை மட்டும் 2 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ.க்கு மாற்றச் சொன்னார்கள். வேறெதையும் தொடவில்லை. திரையில் மஞ்சளாக இருந்த பகுதி சிவப்பானது. ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்த ஓர் எண், கற்பனை நோயாளி ஒருவரைக் காத்திருப்போர் வரிசையிலிருந்து அறுவை மேசைக்கு அனுப்பிவிட்டது.

உண்மையான நோயாளியின் சுவர்த் தடிமன் எவ்வளவு? வழக்கமான சிடி ஸ்கேனில் அதைத் துல்லியமாக அளப்பது கடினம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சுவரை, ஏறத்தாழ அதே அளவிலான புள்ளிகளால் ஆன படத்திலிருந்து படிக்க வேண்டும். அதனால் பல மாதிரிகள் சுவர் முழுவதும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்கின்றன. சுவரின் வலிமையையோ, வெட்டியெடுத்துச் சோதிக்காமல் நேரடியாக அளக்க வழியில்லை. வயது, பால், குடும்ப வரலாறு போன்ற விவரங்களை வைத்து மதிப்பிடுகிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போதே தமனி ரத்த அழுத்தத்தால் விரிந்துதான் இருக்கிறது; அழுத்தமே இல்லாத நிலையில் அதன் வடிவம் என்ன என்பதையும் ஊகித்தாக வேண்டும்.

சோதித்துப் பார்க்க முடியாத கணிப்பு

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்த மாதிரிகளைச் சரிபார்ப்பது எப்படி? “இவருடைய வீக்கம் வெடிக்கும்” என்று கணினி சொல்கிறது. அது சரிதானா என்று அறிய, வெடிக்கும்வரை யாரும் காத்திருக்க முடியாது, காத்திருக்கவும் கூடாது. பெரிய வீக்கம் உள்ளவர்களுக்கு அறுவை நடந்துவிடுவதால், அவர்களுக்கு வெடித்திருக்குமா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போகிறது. வெடித்த பின்பு எடுத்த ஸ்கேனைப் பார்க்கலாம். ஆனால் அதற்குள் வடிவமே மாறியிருக்கும்.

இதய ரத்தநாளத் துறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே சிடி ஸ்கேனிலிருந்து ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, அடைப்பு எவ்வளவு பாதிக்கிறது என்று சொல்லும் ‘ஹார்ட்ஃப்ளோ’ மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014ல் அனுமதி கொடுத்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017ல் பரிந்துரைத்தது. காரணம், அந்தக் கணிப்பைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை நோயாளியின் தமனிக்குள் செலுத்தி உண்மையான அளவை எடுக்கலாம்; கணினியின் விடையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெருந்தமனிச் சுவரின் வலிமையை அளக்க அப்படிப்பட்ட கம்பி எதுவும் இல்லை.

கட்டுப்பாட்டு அமைப்புகளின் அணுகுமுறையும் இதையொட்டியே அமைந்துள்ளது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2018ல், மருத்துவச் சாதனங்களுக்கான கணினி மாதிரிகளின் நம்பகத்தன்மையை மதிப்பிட ஒரு தரநிலை வெளியிட்டது. அதே கருத்தைத் தழுவி உணவு, மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் வழிகாட்டி ஒன்றை இறுதிசெய்தது. சுருக்கமாகச் சொன்னால், முடிவெடுப்பதில் மாதிரியின் பங்கு எவ்வளவு பெரிதோ, முடிவு தவறினால் நேரும் தீங்கு எவ்வளவு கடுமையோ, அதற்கு ஏற்ற அளவு ஆதாரம் வேண்டும். மருத்துவருக்குத் துணைக்குறிப்பு தரும் மாதிரிக்கும் அறுவையைத் தானே தீர்மானிக்கும் மாதிரிக்கும் ஒரே தேர்வு வைக்க முடியாது.

யாருடைய உடலை அளந்த எண்?

இந்த விவகாரம் நம் வட்டாரத்தையும் தொடுகிறது. 5.5க்கு ஆதாரமான இரண்டு ஆய்வுகளில் ஒன்று பிரிட்டனில் நடந்தது; பங்கேற்றவர்களில் ஆறில் ஐந்து பேர் ஆண்கள். மற்றொன்று அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்தது; கிட்டத்தட்ட அனைவருமே ஆண்கள். உடலமைப்பு சிறியவர்களுக்குப் பெருந்தமனியும் சிறியதாகவே இருக்கும். இயல்பில் 1.6 செ.மீ. உள்ள தமனி 5 செ.மீ. ஆவதும், 2.2 செ.மீ. உள்ள தமனி 5 செ.மீ. ஆவதும் ஒன்றாகுமா? முன்னது மூன்று மடங்குக்கும் மேல் விரிந்திருக்கிறது. பின்னது இரண்டேகால் மடங்குதான். தோம்பாயோவில் வசிக்கும் சிறு உருவமுள்ள ஒரு பாட்டிக்கு, அமெரிக்கப் படைவீரர்களை அளந்த எண் எந்த அளவுக்குப் பொருந்தும்?

கணினி மாதிரியின் உண்மையான பயன் இங்குதான் இருக்கிறது என்பது என் கருத்து. பெரிய ஆய்வுகளில் இடம்பெறாதவர்களுக்கும் ரத்த அழுத்தம், வடிவம், தகைவு எல்லாம் உண்டு. இயற்பியல் விதிகள் இனமும் பாலும் பார்ப்பதில்லை. ஆனால் மாதிரிக்குள் போடும் சுவரின் வலிமையும் தடிமனும் எந்த மக்களிடமிருந்து வந்தவை என்று கேட்டால், பழைய பிரச்சினை மறுபடியும் வந்து நிற்கிறது. ஸ்கேன்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக்கு இது இன்னும் அதிகமாகவே பொருந்தும். நம் நோயாளிகளின் தரவு சேராமல் உருவாகும் மென்பொருள், நம்மைப் பற்றி உறுதியான குரலில் தவறாகப் பேசக்கூடும்.

சிங்கப்பூரில் 2030க்குள் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். இங்கிலாந்து 65 வயதாகும் ஆண்களை ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு அழைக்கிறது. நம் தேசிய சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தில் நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், சில புற்றுநோய்கள் போன்றவை இருக்கின்றன. பெருந்தமனி வீக்கம் இல்லை. குறைவாகவே காணப்படும் நோய்க்கு எல்லாரையும் அழைப்பது சரியான செலவா என்பது நியாயமான கேள்வி. ஆனால் வேறு காரணங்களுக்காக எடுக்கும் ஸ்கேன்களில் தற்செயலாகத் தெரியவரும் வீக்கங்களையாவது முறையாகப் பதிவுசெய்து, ஆண்டுதோறும் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து பார்த்தால், நம் மக்களுக்கான மாதிரியைச் சோதிக்கத் தரவு கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

5.5ஐ இன்றே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் கணினிக் கணிப்பை அதனுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். 4.5 முதல் 5.4 செ.மீ. வரை உள்ளவர்களையும், பெண்களையும், சிறிய உடலமைப்புள்ளவர்களையும் கணித்து, தகைவு அதிகமுள்ளவர்களை அடிக்கடி ஸ்கேனுக்கு அழைக்கலாம். கணிப்பு தவறினாலும் அதன் விலை ஒரு கூடுதல் ஸ்கேன்தான். அப்படிச் சேரும் அனுபவத்தைக் கொண்டு, மாதிரியின் துணையோடும் துணையில்லாமலும் எடுத்த முடிவுகளை முறையான ஆய்வில் ஒப்பிடலாம். அந்தத் தேர்வில் தேறிய பிறகே அறுவையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அதனிடம் தரவேண்டும்.

மாதிரி தரும் விடை ஒற்றை எண்ணாகவும் இருக்கக் கூடாது. தடிமன் இவ்வளவு என்றால் இது, அவ்வளவு என்றால் அது என்று ஒரு வீச்சாகச் சொல்ல வேண்டும். வீச்சு அகலமாக இருந்தால், கணினிக்கு இன்னும் தெளிவில்லை என்பதை மருத்துவரும் நோயாளியும் தெரிந்துகொள்வார்கள்.

உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக்கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் உங்களில் சிலர் நாளை இத்தகைய மென்பொருளை எழுதக்கூடும். பலர் அதன் முடிவை ஏற்க வேண்டிய நோயாளிகளாகவோ அவர்களின் பிள்ளைகளாகவோ இருப்பீர்கள். வண்ணப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இதில் எவை அளந்தவை, எவை அனுமானித்தவை? யாருடைய உடல்களைக் கொண்டு இது உருவானது? விடை சரி என்று எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்?

இவற்றோடு, இன்றே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் 65 வயதைத் தாண்டிய, நெடுங்காலம் புகைபிடித்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், அடுத்த முறை குடும்ப மருத்துவரைப் பார்க்கும்போது வயிற்று அல்ட்ராசவுண்ட் தேவையா என்று கேட்கச் சொல்லுங்கள். வலியில்லாத, சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை அது.